சலூன் கடையில் என்ன பாட்டு போடலாம்?

தருமபுரி பக்கம் சலூன் கடைகள் ரொம்பவே மாறிவிட்டன. மரச்சட்டம் போட்ட கண்ணாடி, கைப்பிடி தேய்ந்த நாற்காலி, சுவரில் நடிகர் படம் போட்ட காலண்டர் எல்லாம் இருந்த இடத்தில் இப்போது கண்ணாடிக் கதவு, ஏ.சி., கலர் லைட், சுழல் நாற்காலி. 'முடிதிருத்தும் நிலையம்' என்ற பெயர் போய் 'மென்ஸ் பார்லர்', 'யுனிசெக்ஸ் சலூன்' என்று ஆகிவிட்டது. பேருந்து நிலையத்தைச் சுற்றி மட்டும் இல்லை, பென்னாகரம், பாலக்கோடு, அரூர், காரிமங்கலம் என்று எங்கே போனாலும் இப்படி ஒரு கடையாவது கண்ணில் படும்.

இதற்கெல்லாம் கடன் வாங்கி, டைல்ஸ் நிறத்துக்கே நாலு நாள் யோசிக்கும் கடைக்காரர், ஒரு விஷயத்தை மட்டும் இரண்டு நிமிடத்தில் முடித்துவிடுகிறார். கடையில் என்ன பாட்டு ஓடப்போகிறது என்பதுதான் அது. யாருடைய செல்போன் ப்ளூடூத்தில் முதலில் மாட்டுகிறதோ, அவருடைய பாட்டு. அவ்வளவுதான். யாராவது கேட்டால், "ஸ்டைலா ஏதாவது ஓடட்டும் தம்பி" என்பார்.

அட, பாட்டில் என்ன இருக்கிறது, முடி ஒழுங்காக வெட்டினால் போதாதா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு சலூனுக்குப் பெயர்ப்பலகை இரண்டு. ஒன்று வாசலில் மாட்டியிருப்பது. இன்னொன்று உள்ளே ஓடும் பாட்டு. முதல் பலகை கடையின் பெயரைச் சொல்கிறது. இரண்டாவது பலகை 'இந்தக் கடை யாருக்கு' என்று சொல்கிறது. வாசலில் நிற்பவன் உள்ளே வருவதா, அடுத்த கடைக்குப் போவதா என்று முடிவு செய்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது பலகையைக் கேட்டுத்தான். அதனால் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்ப்பதில் தப்பில்லை.

ரேடியோ காலம்

சலூனும் பாட்டும் தமிழ்நாட்டில் நேற்று சேர்ந்த ஜோடி இல்லை. டீக்கடை, சலூன் இரண்டும்தான் வீட்டில் ரேடியோ இல்லாதவர்களுக்குப் பாட்டுக் கேட்கும் இடமாக இருந்தன. பேப்பர் படிப்பதும் அங்கேதான், அரசியல் பேசுவதும் அங்கேதான், பின்னால் பாட்டு ஓடுவதும் அங்கேதான்.

இதில் ஒரு சுவாரசியமான வரலாறு உண்டு. 1952இல் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி.வி. கேஸ்கருக்கு சினிமாப் பாட்டு என்றாலே ஆகாது. மக்களின் ரசனையை உயர்த்தவேண்டும் என்று சொல்லி அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டைக் குறைத்து, சாஸ்திரிய இசையை அதிகமாக்கினார். என்ன ஆயிற்று? மக்கள் ரேடியோவின் முள்ளை அப்படியே திருப்பி இலங்கை வானொலிக்குப் போய்விட்டார்கள். தமிழ் ரசிகர்களும் அப்படித்தான் போனார்கள். கடைசியில் 1957இல் விவித் பாரதியைத் தொடங்கி, அரசே சினிமாப் பாட்டு போடவேண்டி வந்தது.

சலூன் கடைக்காரருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. 'இதுதான் தரமான இசை, இதைக் கேள்' என்று மேலே இருந்து ஊற்றினால் கேட்கிறவன் முள்ளைத் திருப்பிவிடுவான். அரசாங்கத்துக்கே அதுதான் நடந்தது. மூன்று நாற்காலி போட்ட கடைக்கு நடக்காதா?

பிறகு கேசட் வந்தது. 1976இல் 'அன்னக்கிளி' மூலம் இளையராஜா வந்தார். அடுத்த பதினைந்து வருடத்துக்கு சலூன் என்றால் ராஜா, ராஜா என்றால் சலூன் என்று ஆகிவிட்டது. 1992இல் 'ரோஜா' வந்ததும் டேப்ரெக்கார்டரில் பேஸ் கூட்டி வைக்க ஆரம்பித்தார்கள். அப்புறம் சி.டி., பென்டிரைவ், இப்போது யூடியூப். கருவிதான் மாறியது. பாட்டு இல்லாத சலூன் என்று ஒன்று அநேகமாக இருந்ததே இல்லை.

மார்க்கெட்டிங் புத்தகம் என்ன சொல்கிறது

பி.காம். படிக்கும் எல்லோருக்கும் பிலிப் கோட்லர் பெயர் தெரியும் (பரீட்சைக்கு முந்தைய இரவாவது தெரியும் :-)). அவர் 1973இல் எழுதிய ஒரு கட்டுரையில் கடையின் சூழலும் ஒரு விற்பனைக் கருவிதான் என்றார். வெளிச்சம், வாசனை, சத்தம் எல்லாமே அதில் அடக்கம். வாங்குகிறவன் பொருளை மட்டும் வாங்குவதில்லை, அந்த இடத்தையும் சேர்த்துத்தான் வாங்குகிறான் என்பது அதன் சாரம்.

அதற்குப் பிறகு ரொனால்டு மில்லிமன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1982இல் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் சோதனை செய்தார். நிமிடத்துக்கு 72 தாளத்துக்குக் கீழே உள்ள மெதுவான இசை ஒரு பக்கம், 94க்கு மேலே உள்ள வேகமான இசை இன்னொரு பக்கம். மெதுவான இசை ஓடிய நாட்களில் ஆட்கள் நிதானமாக நடந்தார்கள், விற்பனையும் சுமார் 38 சதவீதம் அதிகமாக இருந்தது. 1986இல் அவரே ஒரு ஹோட்டலில் இதைச் செய்தபோது, மெதுவான இசைக்கு சராசரியாக 56 நிமிடமும் வேகமான இசைக்கு 45 நிமிடமும் மேஜையில் உட்கார்ந்திருந்தார்கள். சாப்பாட்டுச் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை, குடித்ததில்தான் இருந்தது.

இதைப் படித்துவிட்டு உடனே சலூனில் தாலாட்டு போட்டுவிடக்கூடாது. சூப்பர் மார்க்கெட்டில் ஆள் எவ்வளவு நேரம் சுற்றினாலும் கடைக்கு நஷ்டமில்லை. சலூனில் சரக்கே நேரம்தான். ஒரு கணக்குப் போடுவோம். ஞாயிற்றுக்கிழமை காலை 7 மணி முதல் 2 மணி வரை கூட்டம். 420 நிமிடம், மூன்று நாற்காலி. ஒருவருக்கு 25 நிமிடம் என்றால் ஒரு நாற்காலிக்கு 16 பேர், மொத்தம் 48 பேர். எல்லோரும் சாவகாசமாக எழுந்து, கண்ணாடி பார்த்து, கதை பேசி 30 நிமிடம் ஆக்கினால் ஒரு நாற்காலிக்கு 14 பேர், மொத்தம் 42 பேர்தான். ஆறு பேர் குறைவு. அந்த ஆறு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துவிட்டு அடுத்த தெருக் கடைக்குப் போனவர்கள். திரும்பி வருவார்களா என்பது சந்தேகம்.

ஆகவே ஒரே கடைக்கு ஒரே பாட்டு என்பது சரிவராது. ஞாயிறு காலைக்கு ஓரளவு துள்ளலான பாட்டு. பெரும்பாலான கடைகளுக்குச் செவ்வாய் லீவு. புதன், வியாழன் மதியம் கடையில் ஈ ஓட்டும் நேரத்துக்கு நிதானமான பாட்டு. அப்போது வருபவர்தான் 'அப்படியே ஒரு ஹெட் மசாஜும் போட்டுடுங்கண்ணா' என்று சொல்லக்கூடியவர். அவரை அவசரப்படுத்துவது கடைக்குத்தான் நஷ்டம்.

பெங்களூர் காற்று

இப்போது 'ஸ்டைல்' என்ற வார்த்தைக்கு வருவோம். தருமபுரி மாவட்டத்தில் ஸ்டைல் பெரும்பாலும் நெடுஞ்சாலை வழியாகத்தான் வருகிறது. இந்த மாவட்டத்துப் பையன்கள் வேலைக்குப் போவது பெங்களூர், ஓசூர், திருப்பூர். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் திரும்பி வரும்போது புது கட்டிங் தலையில் வருகிறது, அந்தக் கடையில் கேட்ட பாட்டு காதில் வருகிறது. அதைப் பார்த்த உள்ளூர் கடைக்காரர் 'நாமும் மாறணும்' என்று நினைப்பது இயல்பு. 2000இல் சென்னையில் தொடங்கிய நேச்சுரல்ஸ் மாதிரி சங்கிலிக் கடைகள் வளர்ந்திருக்கும் வேகத்தைப் பார்த்தால் அந்தப் பயத்திலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் அவர் செய்வது என்ன? பெரிய ஊர்க் கடையில் ஓடும் ஆங்கில 'லவுஞ்ச்' இசையைத் தேடி, அதே மாதிரி மூன்று மணி நேர வீடியோ ஒன்றைப் போட்டுவிடுகிறார். வார்த்தையே இல்லாமல் 'டும் டும்' என்று ஓடிக்கொண்டிருக்கும். கேட்டால் ஸ்டைல்.

இங்கிலாந்தில் 1990களில் நடந்த ஒரு சோதனை இந்த இடத்தில் நினைவுக்கு வரவேண்டும். நார்த், ஹார்கிரீவ்ஸ், மெக்கென்ட்ரிக் என்ற மூவர் ஒரு கடையின் ஒயின் அலமாரி பக்கத்தில் ஒருநாள் பிரெஞ்சு இசை, ஒருநாள் ஜெர்மன் இசை என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். பிரெஞ்சு இசை ஓடிய நாளில் பிரெஞ்சு ஒயின் அதிகம் போனது. ஜெர்மன் இசை ஓடிய நாளில் ஜெர்மன் ஒயின் அதிகம் போனது. வாங்கியவர்களைக் கேட்டால், பெரும்பாலானவர்கள் இசைக்கும் தாங்கள் வாங்கியதற்கும் சம்பந்தமே இல்லை என்றார்கள். 1997இல் 'நேச்சர்' இதழில் இது வெளியானது.

அதாவது பாட்டு ஒரு ஊரைக் காட்டுகிறது, ஆள் தனக்கே தெரியாமல் அந்தத் திசையில் திரும்புகிறான். அப்படியென்றால் லவுஞ்ச் இசை எந்த ஊரைக் காட்டும்? பெங்களூரின் பெரிய கடையை. அந்தக் கடையின் ரேட்டையும் சேர்த்துத்தான் காட்டும். ஏரியூரிலிருந்து பஸ் ஏறி வந்த ஒரு பெரியவர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே அந்த இசையைக் கேட்டால், 'நமக்கு இந்தக் கடை கட்டுப்படியாகாது' என்று நினைத்துக்கொண்டு நடையைக் கட்டிவிடுவார். உள்ளே ரேட் போர்டில் பழைய ரேட்டே இருந்தாலும் அவர் அதைப் பார்க்கப்போவதில்லை. ரேட் கூட்டாமலே வாடிக்கையாளரை விரட்டும் வித்தை இது.

ஸ்டைலான இசை வேண்டும், ஆனால் வார்த்தை வேண்டாம் என்றால் அதற்கு வெளிநாடு போகவேண்டிய அவசியமும் இல்லை. இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' 1986இல் வந்தது. புல்லாங்குழல் மேதை ஹரிபிரசாத் சௌராசியா வாசித்த 'நத்திங் பட் விண்ட்' 1988இல் வந்தது. இரண்டும் சினிமாவுக்காகப் போடப்படாத, பாடல் வரி இல்லாத ஆல்பங்கள். இருபது வயதுப் பையனுக்கு 'என்னடா இது புதுசா இருக்கு' என்று தோன்றும். ஐம்பது வயதுக்காரருக்கு 'ராஜா மாதிரி இருக்கே' என்று தோன்றும். இரண்டு பேரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைப்பது என்ன சாதாரண விஷயமா?

ஒகேனக்கல்லையும் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். அங்கே எண்ணெய் தேய்த்துவிடுபவர்களுக்கு ஸ்பீக்கரும் இல்லை, பிளேலிஸ்டும் இல்லை. பின்னணியில் விழுந்துகொண்டிருக்கும் தண்ணீர்ச் சத்தம்தான். ஆனால் அந்த இடத்துக்கு அதைவிடப் பொருத்தமான பின்னணி இசையை யாராலும் போட முடியாது. அந்த ஊருக்கும் அந்த வேலைக்கும் அது பொருந்தியிருக்கிறது. சலூனுக்கும் அதே அளவுகோல்தான் வேண்டும்.

நாற்காலிக்குப் பின்னால் நிற்பவர்

இதுவரை எல்லாமே நாற்காலியில் உட்காருபவரைப் பற்றி. நிற்பவரைப் பற்றி அந்த ஆராய்ச்சிகளில் பேச்சே இல்லை. ஒரு கணக்கு இங்கேயும் போடலாம்.

நாற்பது பாட்டு உள்ள பிளேலிஸ்ட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பாட்டு நாலரை நிமிடம் என்றால் மொத்தம் மூன்று மணி நேரம். கடை திறந்திருப்பது குறைந்தது பத்து மணி நேரம். ஆக ஒரே பாட்டு ஒரு நாளைக்கு மூன்று தடவைக்கு மேல் வரும். செவ்வாய் லீவு போக மாதம் 26 நாள் என்றால், ஒரு பாட்டை அந்தக் கடையில் வேலை செய்பவர் மாதத்துக்கு எண்பது தடவைக்கு மேல் கேட்கிறார். வாடிக்கையாளர் மாதம் ஒருமுறை வந்து ஐந்தாறு பாட்டு கேட்டுவிட்டுப் போய்விடுவார். யாருடைய காதுக்காகப் பாட்டு தேர்ந்தெடுக்கவேண்டும், சொல்லுங்கள்?

பிடித்த பாட்டாகவே இருந்தாலும் எண்பது தடவை கேட்டால் வெறுத்துப்போகும். வெறுத்துப்போன காதோடு ஒருவர் கையில் கத்தியை வைத்துக்கொண்டு இன்னொருவர் கழுத்துப் பக்கம் நிற்கிறார் என்பதையும் மறக்கக்கூடாது. அதனால் பாட்டைத் தேர்ந்தெடுக்கும் உரிமை முதலில் அங்கே வேலை செய்பவர்களுக்குத்தான். ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. முடிதிருத்தும் தொழிலில் பல தலைமுறையாக இருக்கும் மருத்துவர் சமூகத்துக் குடும்பங்கள் பலவற்றில், தமிழ்நாட்டின் பல ஊர்களில் நாதஸ்வரமும் தவிலும் வாசிக்கும் வழக்கம் உண்டு. காலையில் கல்யாண வீட்டில் மங்கல வாத்தியம், மற்ற நாளில் கத்தரி. ஊருக்கே நல்ல காரியத்தில் இசை கொடுத்தவர்கள் அவர்கள். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த ஒருவரிடம், இன்டீரியர் டிசைன் செய்ய வந்தவர் 'இந்த மியூசிக் போடுங்க, கிளாஸா இருக்கும்' என்று சொல்லிக்கொடுப்பது கொஞ்சம் வேடிக்கைதான். தாளம் எது, சத்தம் எது என்று அவர் காதுக்குத் தெரியும். கேட்கத்தான் யாரும் இல்லை.

யாருக்கான கடை

பாட்டுதான் இரண்டாவது பெயர்ப்பலகை என்பதில் உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

சாதிப் பெருமை பேசும் பாட்டுகள் யூடியூபில் கொட்டிக் கிடக்கின்றன. திருவிழா, ஊர்வலம், டூரிஸ்ட் வேன் என்று எங்கும் ஓடுகின்றன. நல்ல பீட், நல்ல பேஸ். 'பாட்டுதானே, குத்தாக இருக்கிறது' என்று ஒரு பையன் சலூனில் போட்டுவிட்டால் என்ன ஆகும்? அந்தச் சாதிக்காரருக்கு மீசை முறுக்கத் தோன்றும். மற்றவருக்கு, இது நமக்கான கடை இல்லை என்று புரிந்துவிடும். யாரும் அவரை வெளியே போ என்று சொல்லவில்லை. பாட்டு சொல்லிவிட்டது.

தருமபுரி மாவட்டத்தில் இது சின்ன விஷயம் இல்லை. 2012 நவம்பர் 7 அன்று, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைத் தொடர்ந்து, நாயக்கன்கொட்டாய் பக்கம் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி காலனிகளில் 200க்கும் மேற்பட்ட தலித் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. அது நடந்த மண் இது. பட்டியல் சாதியினருக்கு முடிவெட்ட மறுத்தார்கள் என்று தமிழ்நாட்டில் இன்றைக்கும் செய்தி வருகிறது, வழக்கும் பதிவாகிறது. பல ஊர்களில் கடைக்காரரே ஆதிக்க சாதியினரின் மிரட்டலுக்குப் பயந்துதான் அப்படிச் செய்கிறார் என்பதும் உண்மை. அவரும் அந்த ஏணியில் மேலே நிற்பவர் இல்லை.

அரசியல் சட்டத்தின் 15ஆவது பிரிவு, சாதி மதம் பார்த்து யாரையும் கடைக்குள் வராதே என்று தடுக்கக்கூடாது என்கிறது. அந்தக் 'கடை' என்ற சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில் கேள்வி வந்தபோது, டாக்டர் அம்பேத்கர் அதைப் பரந்த பொருளில் விளக்கினார். சேவை தேடி வரும் எவருக்கும் அந்தச் சேவையைத் தர உரிமையாளர் தயாராக இருக்கும் இடம் எதுவும் கடைதான் என்பது அந்த விளக்கம். அப்படிப் பார்த்தால் சலூன் நாற்காலி அரசியல் சட்டத்துக்குள் வந்துவிட்டது.

சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அதை ஒரு ஸ்பீக்கர் சாத்திவிடக்கூடாது. நாற்காலி எல்லோருக்கும் பொது என்றால் பாட்டும் எல்லோருக்கும் பொதுவாக இருக்கவேண்டும். கட்சிப் பாட்டு, சாதிப் பாட்டு, ஒரே மதத்தின் பாட்டை நாள் முழுக்க ஓட்டுவது எல்லாம் சலூனுக்கு வேண்டாம். காலையில் கடை திறக்கும்போது கடைக்காரர் தன் சாமிப் பாட்டு ஒன்றைப் போட்டுக்கொள்வதை யாரும் குறை சொல்லப்போவதில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு நல்ல உதாரணம் தூத்துக்குடியில் இருக்கிறது. அங்கே சலூன் நடத்தும் பொன் மாரியப்பன் தன் கடையிலேயே ஒரு நூலகம் வைத்து, காத்திருக்கும்போது புத்தகம் படிப்பவர்களுக்குக் கட்டணத்தில் சலுகை தருபவர். 2020 அக்டோபரில் பிரதமரின் 'மனதின் குரல்' நிகழ்ச்சியில் பேசப்பட்டபோது நாடு முழுக்கத் தெரியவந்தார். சினிமாப் பாட்டுக்குப் பதிலாக அந்தக் கடையில் தமிழ்ப் பேச்சாளர்களின் உரைகள் ஒலிப்பதாகவும் பத்திரிகைகள் எழுதின. எல்லாக் கடையும் நூலகம் ஆகவேண்டும் என்று இல்லை. ஆனால் தன் கடையில் என்ன கேட்கவேண்டும் என்று உட்கார்ந்து யோசித்து முடிவு செய்த ஒரு கடைக்காரரைத் தேடி ஆட்கள் வருகிறார்கள் என்பதைக் கவனிக்கவேண்டும்.

சரி, என்னதான் போடலாம்?

முதலில் சத்தம். கத்தரி 'சிக் சிக்' என்று வெட்டும் சத்தம் உட்கார்ந்திருப்பவர் காதில் விழவேண்டும். விழவில்லை என்றால் பாட்டு அதிகம். 'அண்ணா, காதோரம் கொஞ்சம் பார்த்து' என்று சாதாரணக் குரலில் சொன்னால் வெட்டுபவருக்குக் கேட்கவேண்டும். ஹேர் டிரையர் போடும்போது பாட்டைக் கூட்டாமல் இருப்பது முக்கியம். நாள் முழுக்க இரண்டு சத்தத்துக்கும் நடுவில் நிற்பவர் காது என்ன ஆவது?

இரண்டாவது, ஸ்பீக்கர். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பெட்டியை வைத்து அலறவிடுவதைவிட, மூலைக்கு ஒன்றாக இரண்டு சின்ன ஸ்பீக்கர் மேலே மாட்டுவது நல்லது. ஒருவர் காதைக் கிழித்து இன்னொருவருக்குக் கேட்காமல் போகும் தொல்லை இருக்காது.

மூன்றாவது, நேரம். காலையில் பள்ளிக்கூடப் பையன்களும் வயதானவர்களும் வருவார்கள், அதற்குப் பழைய மெலடி. மாலையில் கல்லூரிக் கூட்டம், அதற்குப் புதுப் பாட்டு. ஞாயிறு காலை எல்லோரும் கலந்து வருவார்கள், அதற்கு 80, 90, 2000 என்று கலந்து போடலாம். பார்லரில் மணப்பெண் அலங்காரம் நடக்கும்போது குத்துப்பாட்டு வேண்டாம், அந்தப் பெண்ணுக்கு ஏற்கெனவே படபடப்பு அதிகம்.

நான்காவது, மொழி. இந்த மாவட்டத்தில் வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசுபவர்கள் கணிசமாக உண்டு. எஸ்.பி. பாலசுப்ரமணியம், எஸ். ஜானகி இருவரும் மூன்று மொழியிலும் பாடியவர்கள். நடுவில் அவர்களின் ஒரு தெலுங்குப் பாட்டோ கன்னடப் பாட்டோ வந்தால் தமிழ்க் காதுக்கும் குரல் பழகியதாக இருக்கும், அந்த வீட்டுக்காரருக்கு முகம் மலரும். செலவே இல்லாத வாடிக்கையாளர் சேவை இது.

ஐந்தாவது, விளம்பரம். இலவச யூடியூபில் பாட்டு போட்டால் உருக்கமான சரணத்துக்கு நடுவில் 'உடனே டவுன்லோடு செய்யுங்கள்' என்று ஒரு குரல் கத்தும். அத்தனை லட்சம் போட்ட கடையின் மானம் அந்த ஐந்து விநாடியில் போய்விடும். அதற்குத் தருமபுரி பண்பலை 102.5 எவ்வளவோ மேல். அறிவிப்பாளர் உள்ளூர்க் குரலில் பேசுவார், செய்தியும் வரும்.

கடைசியாக, செல்போன். காத்திருக்கும் ஐந்து பேரும் ஐந்து ரீல்ஸ் சத்தமாகப் பார்த்தால் எந்தப் பாட்டு போட்டும் பயனில்லை. 'இயர்போன் போட்டுப் பாருங்க தம்பி' என்று ஒரு வரி எழுதி ஒட்டலாம். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்ததும் இயர்போனைக் கழற்றச் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் காதோர முடியை யார் வெட்டுவது?

பாட்டுக்கும் ஒரு விலை உண்டு

வணிகவியல் படிப்பவர்கள் இதைக் கேட்காமல் விடக்கூடாது. கத்தரிக்கும் கிரீமுக்கும் பணம் கொடுக்கும் கடை, பாட்டுக்குக் கொடுக்கிறதா?

1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வியாபாரம் நடக்கும் இடத்தில் பொதுமக்கள் கேட்கப் பாட்டு போட உரிமையாளரின் அனுமதி வேண்டும். பாடலாசிரியர், இசையமைப்பாளர் தரப்புக்கு 1969இல் உருவான ஐ.பி.ஆர்.எஸ்., பதிவு செய்த நிறுவனங்கள் தரப்புக்கு 1941 முதல் இருக்கும் பி.பி.எல். போன்ற அமைப்புகள் கட்டணம் வாங்கி உரிமம் தருகின்றன. ஸ்பாட்டிஃபை மாதிரி செயலிகளில் மாதச் சந்தா கட்டினாலும் அது சொந்த உபயோகத்துக்குத்தான், கடையில் போடுவதற்கு இல்லை என்று அவர்கள் விதியிலேயே இருக்கிறது. யாருக்கு உரிமம் தர அதிகாரம், எவ்வளவு வாங்கலாம் என்பதில் உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் வரை வழக்குகள் போயிருக்கின்றன.

பெரிய ஓட்டலுக்கும் மொரப்பூரில் இரண்டு நாற்காலி போட்ட கடைக்கும் ஒரே மாதிரி சுமை வைப்பது நியாயமாகாது. சின்னக் கடைக்கு வருடத்துக்கு ஒரு சிறு தொகை, ஒரே இடத்தில் கட்டும் வசதி, எளிய தமிழில் ஒரு படிவம் என்று இருந்தால் பலரும் கட்டிவிடுவார்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் பங்கு உண்டு என்று சட்டமே உறுதி செய்திருக்கிறது. தன் உழைப்புக்கு 'போட்டுக் கொடுப்பா, அப்புறம் பார்த்துக்கலாம்' என்று கடன் சொல்பவரைச் சலூன்காரருக்குப் பிடிக்காது. பாட்டு எழுதியவருக்கும் அதே நியாயம்தான்.

முடிவாக

ஸ்டைல் என்பது விலை உயர்ந்த ஸ்பீக்கரிலோ புரியாத இசையிலோ இல்லை. உள்ளே வருகிற கல்லூரிப் பையன், கூலி வேலை முடித்து வருகிறவர், மாம்பழ மண்டியிலிருந்து வருகிறவர், பேரனைக் கூட்டிக்கொண்டு வரும் தாத்தா என்று யாராக இருந்தாலும், 'இங்கே நாம் உட்காரலாம்' என்று தயங்காமல் நாற்காலியில் சாய்ந்தால் அந்தக் கடையின் பாட்டு ஸ்டைலான பாட்டு. அவருக்குப் பின்னால் நிற்பவரும் தலையை லேசாக ஆட்டிக்கொண்டு வேலை செய்தால் அது சூப்பர் ஸ்டைல்.

அடுத்த தடவை முடி வெட்டப் போகும்போது கண்ணாடியைப் பார்ப்பதற்கு முன் ஒரு நிமிடம் காதைத் தீட்டிக் கேளுங்கள். அந்தக் கடை யாரையெல்லாம் 'வாங்க' என்று கூப்பிடுகிறது, யாரையெல்லாம் கூப்பிடாமல் விடுகிறது என்று தெரிந்துவிடும். கூப்பிடாமல் விட்ட ஆள் யாராவது இருந்தால் கடைக்கார அண்ணனிடம் மெதுவாகச் சொல்லுங்கள். பாட்டை மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது.